தரைப்பாலத்தில் பிடித்த நிச்சயப் புடவை

செஞ்சி,
மார்கழி முதல் வாரம்.

சிரஞ்சீவி வர்த்தமானனுக்கு,

இங்கு யாவரும் நலம் என்று எழுதிப் பழகிய கை இது. இந்த முறை அப்படி எழுத மனசு வரவில்லை. உன் அம்மாவுக்கு மழைக் குளிரில் முழங்கால் வீங்கியிருக்கிறது. லாரி பிரேக் அன்றைக்குத் தண்ணீர் குடித்ததிலிருந்து ஒரு பக்கமாகவே இழுக்கிறது. எனக்குச் சளி பிடித்து நெஞ்சில் கட்டிக்கொண்டிருக்கிறது. மற்றபடி மூச்சு வந்து போய்க்கொண்டிருக்கிறது. உன் கடிதம் வந்தது. அதில் நீயும் நலமெல்லாம் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பில், "தொண்டூரில் அத்தனை பேர் முன்னால் ஏன் அப்படிச் சொன்னீர்கள்? என் வேலைமேல் நம்பிக்கை இல்லையா, என்மேலேயே நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டிருக்கிறாய். நல்லது. பூசி மெழுகாமல் கேட்டாய் பார், அது எனக்குப் பிடித்திருக்கிறது. நானும் பூசி மெழுகாமல் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். கடைசியில் உனக்கு ஒரு செய்தியும் இருக்கிறது. அவசரப்பட்டு அதை மட்டும் புரட்டிப் படிக்காதே.

நான் சந்தேகப் பிராணிதான். மறுக்கவில்லை. கடலை மண்டியில் தராசு முள் நட்ட நடுவில் நின்றாலும், தட்டைத் தூக்கி அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறவன். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவன் சிரித்துக் கும்பிட்டால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். மெக்கானிக் "எல்லாம் சரியா இருக்குது அண்ணே" என்று சொன்னால், அன்றைக்குத்தான் லாரிக்கு அடியில் படுத்துப் பார்ப்பேன். உன் அம்மா சொல்வாளே, "உங்களுக்கு எமனே வந்தாலும் இன்னா ஊரு, யாரு வூட்டுப் புள்ளன்னு விசாரிச்சிட்டுத்தான் கூடப் போவீங்க" என்று, அது நூற்றுக்கு நூறு சரி. எமனையாவது நம்பலாம், அவன் ஆபத்து இல்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை.

இத்தனை வருஷ ஐப்பசி கார்த்திகையில் இந்தச் சந்தேகம்தான் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நீ கடலோரத்துக்கு வேலைக்கு வரப்போகிறவன், நாளைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்குவாய், அதனால் சொல்லி வைக்கிறேன். புயல் அடிக்கும்போது எல்லோரும் பயந்து ஒதுங்குவார்கள். அது ஓய்ந்த பிறகுதான் ஆளைத் தின்னும். சாலையோரப் புளியமரம் காற்று அடிக்கும்போது ஆடிக்கொண்டு நிற்கும், காற்று நின்றதும் ஊறிய மண்ணில் சத்தமில்லாமல் சாயும். முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கை நம்பிப் பின்னாலேயே போகாதே, அவன் பள்ளத்தில் இறங்கினால் நீயும் இறங்குவாய். அறுந்து கிடக்கிற கம்பியைக் கொடி என்று நினைத்துத் தாண்டாதே. தண்ணீரில் இறங்கி ஏறினால் பிரேக் பிடிக்காது, காலால் லேசாக அழுத்தி அழுத்திச் சூடேற்றிக்கொண்டு பிறகுதான் வேகம் பிடிக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் மழையில் கண்ணாடி தெரிய வேண்டுமென்று புகையிலையைத் தேய்ப்பார்கள். நான் அதையும் நம்பாமல் தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான் ஓட்டுவேன். இந்தச் சளியெல்லாம் அப்படி வந்ததுதான்.

சித்திரையில் நீ லீவில் வந்திருந்தபோது மண்டியில் நடந்த வாக்குவாதம் நினைவிருக்கிறதா? கடலோரத்தில் அணுவைப் பிளந்து கரண்ட் எடுக்கப் போகிறார்கள், அதற்காகத்தான் உன்னைப் பம்பாயில் பழக்குகிறார்கள் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். வல்லத்துக்காரர் ஒருவர், "அணுவோ ஆட்டுப் புழுக்கையோ, எனக்கு மோட்டார் ஓடினா போதும்யா. கரண்ட் இல்லாம போன போகத்துல நெல்லு கருகிப்போச்சு" என்றார். இன்னொருத்தர், "ஜப்பான்ல ஊரையே பஸ்பமாக்கினானே, அதே சரக்குதானே? அதக் கொண்டாந்து நம்ம வாசல்ல வெக்கிறானா?" என்றார். நீ பொறுமையாக, குண்டு வேறு, அடுப்பு வேறு என்று விளக்கினாய். அடுப்பு என்றதும் நான் பிடித்துக்கொண்டேன். அடுப்பென்றால் சாம்பல் இருக்குமே, அதை எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டேன்.

நீ பொய் சொல்லவில்லை. சாம்பல் மாதிரி ஒன்று மிஞ்சும், அதைக் கொட்ட முடியாது, மூடிவைத்துக் காவல் காக்க வேண்டும் என்றாய். எத்தனை காலத்துக்கு என்றேன். சில சரக்கை ஆயிரக்கணக்கான வருஷம் என்றாய். நான் திரும்பிக் கோட்டையைப் பார்த்தேன். எத்தனை ராஜாக்கள், எத்தனை நவாபுகள், எத்தனை பீரங்கி. அத்தனை காவலும் சில நூறு வருஷத்தில் போய், இப்போது கல்யாண மகாலில் ஆடு படுத்திருக்கிறது. தானியக் களஞ்சியத்தில் வவ்வால். "இதுக்கே வாட்ச்மேன் இல்ல, ஒன் சாம்பலுக்கு எவன்டா ஒக்காந்துனு இருப்பான்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அப்புறம் நீ ஒன்று கேட்டாய்: "நைனா, ஒங்க லாரிகூடத்தான் ஆளக் கொல்லுது. அதுக்காக நீங்க ஓட்றத நிறுத்திட்டீங்களா?" அந்தக் கேள்வியை நான் இன்னும் மென்றுகொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது தொண்டூர்ப் பயணத்துக்கு வருகிறேன். உனக்கும் தெரிந்த கதைதான், ஆனால் நீ உன் பக்கமிருந்து பார்த்தாய், நான் ஸ்டியரிங் பக்கமிருந்து பார்த்தேன். அமாவாசை நிறைந்த நாள், அன்றைக்கே உனக்கும் விமலாவுக்கும் நிச்சயத் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் அப்பா அனந்தராஜ நயினார் சொல்லி அனுப்பியிருந்தார். உனக்கோ மறுநாளே பம்பாய் ரயில். ரேடியோவில் புயல் என்கிறார்கள், தள்ளிப் போடுவோம் என்றேன். "ரேடியோக்காரனத்தான் நீங்க ஒருநாளும் நம்பினதில்லையே, இன்னிக்கி மட்டும் இன்னா?" என்று உன் அம்மா மடக்கினாள். பழத்தட்டு, பூ, அரக்குச் சிவப்பில் நிச்சயப் புடவை, எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டுக் கட்டி, மூன்று பேரும் லாரியின் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு கிளம்பினோம்.

பகல் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள். வழியில் புளியமரம் விழுந்து கிடந்தது. வேறு பாதையில் சுற்றினால் அங்கே வண்டி சேற்றில் புதைந்தது. பொழுது சாய ஆரம்பித்தது. மற்றவர் வீட்டில் என்றால் நேரமானாலும் விருந்து விருந்துதான். நம் ஜைன வீட்டில் பொழுதோடு சாப்பிட்டாக வேண்டும், சூரியன் இறங்கிவிட்டால் இலைமேல் கை வைக்க முடியாது. பெண் வீட்டில் இரண்டு குடும்பத்துக்கும் சமைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நாம் போகாமல் அவர்களும் சாப்பிடமாட்டார்கள். உன் அம்மா வானத்தைப் பார்த்துப் பார்த்து, "பொழுது போயிடும், வண்டிய வுடுங்க, வுடுங்க" என்று என் காதைத் தின்றுவிட்டாள். வானம் முழுக்க ஒரே கறுப்பு, சூரியன் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நீ உன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று சொன்னாய். பம்பாயில் வாங்கிய கடிகாரம், தண்ணீர் புகாது என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கிறது என்று நீ முன்பே பீற்றிக்கொண்டதுதான்.

ஓடைத் தரைப்பாலத்துக்கு வந்தபோது பாலமே தெரியவில்லை. செம்மண் தண்ணீர் மேலே புரண்டு ஓடியது. இரு ஓரத்து வெள்ளைக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. அக்கரையில் நயினார் வீட்டு ஆட்கள் குடையோடு நின்று, "பயமில்ல, வாங்க! ஒண்ணும் ஆவாது! இப்பத்தான் ஒரு மாட்டு வண்டி வந்துச்சு!" என்று கத்தினார்கள். ஒண்ணும் ஆகாது என்று எவன் சொன்னாலும் எனக்குக் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். நீ அந்தக் கற்களின் உயரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துச் சொன்னாய், இஞ்சினுக்குள் போகாது என்றாய். கணக்கு சரி. நான் கேட்கவில்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, நீ அதன் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே முழங்கால் தண்ணீரில் வர, நான் குச்சியை ஊன்றி ஊன்றி அக்கரை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நடுவில் நீ ஒரு தடவை தடுக்கி விழுந்து கைகளை ஊன்றி எழுந்தாய். பாலம் கெட்டியாக இருந்தது. ஒரு கல்கூடப் பெயரவில்லை. என் சந்தேகம் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தைச் சாப்பிட்டுவிட்டது, அவ்வளவுதான்.

நயினார் வீட்டில் இலை போட்டு வைத்திருந்தார்கள். பரிமாறவும் வந்துவிட்டார்கள். அப்போது அவர் வெளியே எட்டிப் பார்த்து, பொழுது இருக்கிறதா போய்விட்டதா என்று சந்தேகப்பட்டார். அவர் சம்சாரம் இருக்கிறது என்றாள், உன் அம்மா போயிருக்கும் போலிருக்கிறதே என்றாள். கடைசியில் அவர் உன்னிடம், "தம்பி, ஒங்க கடியாரம் இன்னா சொல்லுது?" என்று கேட்டார். நீ பார்த்தாய். சட்டென்று சொல்லியிருக்கலாம். நேரம் இருக்கிறது என்று முள்ளே காட்டியது, எனக்கும் எட்டித் தெரிந்தது. நீ அதைக் காதில் வைத்துக் கேட்டாய். முகம் சுருங்கியது. "தண்ணி புகுந்துடுச்சு மாமா. நின்னுபோச்சு. எப்ப நின்னுச்சுன்னு தெரியல" என்றாய். சந்தேகம் வந்தால் இலையை மடி என்பது நம் வழக்கம். அத்தனை இலையும் மடிந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது, பாயச வாசனை வேறு. ஆனாலும் சொல்கிறேன், அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, காட்டினால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடுமே என்று சந்தேகம்.

தட்டை எடுத்து நடுவில் வைத்தார்கள். மாற்றும் முன்னால் நயினார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மனசுல ஒண்ணு வெச்சிக்கினு தட்டு மாத்தக் கூடாது. பொண்ணு நாளைக்கி அந்த அணு நெலயத்துப் பக்கத்துலதான் குடித்தனம் பண்ணப்போறா. அவளுக்குப் பொறக்கற புள்ள அந்தக் காத்தத்தான் குடிக்கும். அதுல ஆபத்து எதனா உண்டா?" என்று கேட்டார். கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தவன், இந்தக் கேள்விக்குக் காதையே கொடுக்கவில்லை. "ஒண்ணும் ஆகாது மாமா. எல்லாத்துக்கும் பாதுகாப்பு இருக்குது" என்று மடமடவென்று சொன்னாய். ஓடைக்கு அக்கரையில் குடை பிடித்தவர்கள் சொன்ன அதே வார்த்தை. அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. யாரையும் நம்பாத மனுஷன்னு செஞ்சி மண்டி முச்சூடும் சொல்றாங்க. நீங்க ஆபத்தில்லன்னு ஒரு வார்த்த சொன்னா, நான் கண்ண மூடிக்கினு தட்ட மாத்திக்கிறேன்."

உன் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நீ என்னையே பார்த்தாய். ஒரு வார்த்தைதான், சொல்லிவிட்டால் கல்யாணம். வாழ்நாள் முழுக்க எவன் உத்தரவாதத்தையும் நம்பாதவனை உத்தரவாதம் கொடு என்றால் எப்படி? "ஆபத்தில்லன்னு நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. இவனுக்கும் முழுக்கத் தெரியாது. தெரியும்னு சொன்னா நம்பாதீங்க" என்றேன். அவ்வளவுதான். நயினார் தட்டைத் தன் பக்கமாக இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. "சரி, காலையில பேசிக்கலாம்" என்றார். காலையில் பேசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணப் பேச்சுப் பேசியவர்களுக்குத் தெரியும். உன் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். மகனே, அந்த இடத்தில் உன்னை அப்படி விட்டுவிட்டேனே என்று எனக்கும் நெஞ்சு வலித்தது. ஆனாலும் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விடிந்ததும் மழை விட்டிருந்தது. நயினார் தட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. பழம் வாடிய தட்டையும் புடவையையும் உன் அம்மா மறுபடி லாரியில் ஏற்றினாள். நீ என்மேல் உள்ள கோபத்தில் வண்டியில் ஏறமாட்டேன் என்று, குச்சியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாய். நயினார் மரியாதைக்காக ஓடைவரை வழியனுப்ப எங்களோடு ஏறிக்கொண்டார். இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள், ஏனென்றால் இதை நான் இன்னொருத்தரிடம் சொல்லமாட்டேன். தரைப்பாலத்துக்கு இறங்கும் சரிவில் நான் வேகத்தைக் குறைக்கவில்லை. தண்ணீர் நேற்றைய மட்டத்திலேயே ஓடியது. நேற்று நானே குச்சி ஊன்றிப் பார்த்த பாலம்தானே என்று தைரியமாக விட்டேன். உலகத்தில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவன், நேற்றைய தன் சோதனையைச் சந்தேகப்படவில்லை. நீ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு "நைனா, நிறுத்து! நிறுத்து!" என்று கத்திக்கொண்டே எதிரே ஓடி வந்தாய். நிறுத்தினேன். உன் மார்புக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

நடுப்பாலம் போய்விட்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீர் அதேபோல் வழுவழுவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைக் கல் மட்டும் காணவில்லை. நீ அதைப் பார்த்துவிட்டுக் குச்சியை விட்டுப் பார்த்திருக்கிறாய், அடி எட்டவில்லை. நேற்று இருந்தது, பொய்யில்லை. இன்றைக்கு இல்லை, அதுவும் பொய்யில்லை. அங்கே நின்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே செஞ்சிப் பக்கமிருந்து பஸ் சத்தம் கேட்டது. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போன சனங்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் ஸ்பெஷல் பஸ். உள்ளே கால் வைக்க இடமில்லாமல் கூட்டம், கூரைமேலும் ஆட்கள். நான் ஹாரனை அழுத்தினேன், தண்ணீர் இரைச்சலில் என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. நாம் கையசைத்தோம், அவர்களும் சிரித்துக் கையசைத்தார்கள். நீ லாரிமேல் தாவி ஏறி, தட்டோடு புடவையை இழுத்தாய்.

"டேய், நிச்சயப் புடவைடா அது! சேறு பட்டா ஆவாதுடா!" என்று உன் அம்மா அலறினாள். அலறிக்கொண்டே முடிச்சை அவிழ்த்து உதறிக் கொடுத்ததும் அவள்தான். நீ ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாய். இன்னொரு முனையை யார் பிடிப்பது என்று நான் ஓடி வருவதற்குள், நயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நேற்று தட்டு மாற்றாத மனிதரும், தட்டு மாறாத மாப்பிள்ளையும், சாலைக்குக் குறுக்கே அந்தச் சிவப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றீர்கள். பஸ்ஸின் முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டு நின்றது. டிரைவர் இறங்கி, இந்தக் கரையில் நின்ற என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். நான் உன்னைக் காட்டினேன்.

அதன்பிறகு நீ என்னிடம் பேசவில்லை. ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று, உடுத்தின ஈரத்தோடு வயல் வரப்பு வழியாகத் திண்டிவனத்துக்கு நடந்தே போய்விட்டாய். நாங்கள் பாலம் இல்லாமல் தண்ணீர் வடியும்வரை தொண்டூரிலேயே மாட்டிக்கொண்டோம். முதல் வேலையாகக் காலை வெயிலில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டோம். சாப்பிட்டுவிட்டு ஊருக்கு வெளியே உள்ள பாறைப் பக்கம் போய், அந்தக் காலத்து நம் ஜைன முனிவர்கள் வெட்டிக்கொண்ட கற்படுக்கைகளைப் பார்த்தேன். இரண்டாயிரம் வருஷம் என்கிறார்கள். அவர்கள் விட்டுப்போனதற்கு எவனும் காவல் இருக்க வேண்டியதில்லை, வெறும் படுக்கைதான். நீ விட்டுப்போகப் போவது அப்படியில்லையே என்று அங்கேயும் எனக்குக் கவலைதான். ஆனால் ஒன்று புரிந்தது. எனக்கு உன் இயந்திரத்தின்மேல் இருப்பதைவிட, அதற்குப் பக்கத்தில் நின்று "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லப் போகிற வாய்களின்மேல்தான் அதிகச் சந்தேகம். ஒரு கல் காணாமல் போனதை ஒருத்தன் பார்ப்பான். மேலே இருப்பவன், பஸ் வரட்டும், சத்தம் போடாதே என்பான். அன்றைக்குப் புடவையை இழுக்கிற கை அங்கே இருக்க வேண்டும். அது உன் கை என்றால், போ. நான் தடுக்கவில்லை. உன்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டாயே, உன்மேல் இருக்கிறது. உன் "ஒண்ணும் ஆகாது"மேல் இல்லை.

இனி அந்தச் செய்தி. நாங்கள் கிளம்பும் நேரத்தில் விமலா வெளியே வந்தாள். பெரியவர்கள் முன்னால் நின்று பேசுகிற பெண்ணில்லை என்று சொல்லித்தான் பெண் பார்த்தோம். அதையும் நான் அப்போதே நம்பவில்லை. நேராக என்னிடம் வந்து, "மாமா, அன்னிக்கி நான் உள்ளயிருந்து எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தேன். அவரு கடியாரம் நின்னுபோச்சுன்னு சொன்னதும் கேட்டேன், ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னதும் கேட்டேன். மொதல்ல சொன்னவர எனக்குப் புடிச்சிருக்குது. ரெண்டாவது சொன்ன வார்த்தய அவரு திருப்பி எடுத்துக்கட்டும். இன்னா ஆபத்து, அது வந்தா இன்னா பண்ணுவாங்க, புள்ளகுட்டியோட இருக்கறவ இன்னா பாத்துக்கணும், தெரிஞ்சதத் தெரிஞ்சதுன்னும் தெரியாததத் தெரியாதுன்னும் எனக்கே எழுதட்டும். படிச்சிட்டு நான் சொல்றேன்" என்றாள். உன் அம்மா என் காதில், "ஒங்களுக்கு மேல இருக்குது இந்தப் பொண்ணு" என்றாள். அடேயப்பா, நம் வீட்டுக்கு ஏற்ற மருமகள்தான்.

ஆகவே உட்கார்ந்து எழுது. எனக்கு இல்லை, அவளுக்கு. மேலதிகாரி பேசுகிற மாதிரி எழுதாதே, அவள் கண்டுபிடித்துவிடுவாள். தை பிறப்பதற்குள் அவள் கைக்குக் கிடைக்க வேண்டும், முகூர்த்தம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. எனக்கு எழுதும்போதும் "சௌக்கியம்" என்று ஒற்றை வரி போட்டு அனுப்பாதே. அப்படி ஒன்று வந்தால் நான் நம்பமாட்டேன், முழங்கால் வலியோடு உன் அம்மாவையும் இழுத்துக்கொண்டு பம்பாயில் வந்து நிற்பேன்.

சேற்றை அலசித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்ட புடவையை விமலா எங்களிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. வேறு புடவை எடுத்துத் தருகிறோம் என்று உன் அம்மா சொன்னதற்கு, தட்டு மாற்றினால் இதைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாளாம். துவைத்தும் சேற்றுக் கறை போகவில்லை என்று நயினார் சொல்லி அனுப்பினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நேற்று லாரியை எடுத்துக்கொண்டு சுற்றுப் பாதையில் தொண்டூருக்குப் போனேன். அவர்கள் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. கறை அப்படியே இருக்கிறது. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் நைனா